இறந்தபின் என்ன? கிறிஸ்தவ நம்பிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துக்க வீட்டில் யாராவது ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டுவிடுவார்: "இப்போது அவர் எங்கே இருப்பார்?" நாமும் "மோட்சத்தில்" என்று சொல்லிவிடுகிறோம். அது தவறான பதில் இல்லை, ஆனால் பாதி பதில். மீதிப் பாதி கிறிஸ்தவர்களுக்கே மறந்துபோய்விட்டதோ என்ற சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. கீழே உள்ளவை நான் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள். நான் புராட்டஸ்டண்ட் மரபில் வளர்ந்தவன். ஆனாலும் மற்ற சபைகள் சொல்வதை அவர்கள் ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு விஷயம். கத்தோலிக்கர் மோட்சம் என்றும் விண்ணகம் என்றும் சொல்வதைப் புராட்டஸ்டண்டுகள் பரலோகம் என்பார்கள். "மோட்சம்" என்ற சொல்லுக்குப் பிறவிச் சுழற்சியிலிருந்து விடுபடுதல் என்று இந்து மரபில் வேறு பொருள் இருக்கிறது. கிறிஸ்தவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது அந்தப் பொருளில் சொல்வதில்லை.

ஒருவர் இறந்த உடனே என்ன நடக்கிறது?

உடல் மண்ணுக்குப் போகிறது, ஆத்துமா கடவுள் முன்னால் போகிறது. பெரும்பாலான சபைகளின் பதில் இதுதான். இதற்கு எல்லோரும் காட்டும் வசனம், சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு சொன்னது: "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" (லூக்கா 23:43). பவுலும் சிறையிலிருந்து எழுதும்போது, உடலை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவோடு இருப்பது மிகவும் நல்லது என்கிறார் (பிலிப்பியர் 1:23).

கத்தோலிக்கத் திருச்சபை இதைத் தனித்தீர்வை என்று அழைக்கிறது. ஒவ்வொருவரும் இறந்த உடனே தனியாகத் தீர்ப்புப் பெறுகிறார்கள் என்று பொருள். இது எப்போதுமே இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. 1331-ல் திருத்தந்தை 22-ஆம் யோவான், கடைசி நாள் வரைக்கும் புனிதர்கள்கூடக் கடவுளை நேருக்கு நேர் காண மாட்டார்கள் என்று பிரசங்கம் செய்தார். இறையியலாளர்கள் கொதித்துப்போனார்கள். 1334-ல் மரணப் படுக்கையில் அவர் அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்கு அடுத்து வந்த 12-ஆம் பெனடிக்ட் 1336-ல், தூய்மையான ஆத்துமாக்கள் இறந்த பிறகு காத்திருக்காமலே கடவுளைக் காண்கின்றன என்று அறிவித்து விவாதத்தை முடித்தார்.

அப்படியென்றால் "நித்திரையடைந்தார்" என்று ஏன் சொல்கிறோம்?

பைபிள் அப்படிச் சொல்வதால்தான். இயேசு லாசருவைப் பற்றி "நித்திரையடைந்திருக்கிறான்" என்கிறார். பவுலும் இறந்த விசுவாசிகளைத் தூங்குகிறவர்கள் என்றே குறிப்பிடுகிறார். கல்லறை நிலத்துக்குக் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வைத்த பெயருக்கே "உறங்கும் இடம்" என்றுதான் பொருள். பல ஐரோப்பிய மொழிகளில் இன்றைக்கும் அந்தப் பெயரின் திரிபுதான் புழங்குகிறது.

இதை உருவகமாக எடுப்பதா, நேர்ப்பொருளில் எடுப்பதா என்பதுதான் சண்டை. இறந்தவருக்கு உயிர்த்தெழும் நாள் வரைக்கும் நினைவே கிடையாது என்று ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் நம்புகிறார்கள். "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" (பிரசங்கி 9:5) என்பது அவர்களுடைய முக்கிய வசனம். யெகோவாவின் சாட்சிகளும் இதற்கு நெருக்கமாகவே போதிக்கிறார்கள். கள்ளனிடம் சொன்ன வார்த்தையை இவர்கள், "இன்றைக்கு உனக்குச் சொல்கிறேன்: நீ என்னோடு இருப்பாய்" என்று பிரித்துப் படிப்பார்கள். மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் இப்படி நிறுத்தக் குறிகள் கிடையாது என்பதால் இந்த வாதத்துக்கு இடம் இருக்கிறது. ஆனால் இயேசு வேறு இடங்களில் "உனக்குச் சொல்கிறேன்" என்னும்போது "இன்றைக்கு" சேர்த்துப் பேசுவதே இல்லை. அதனால் எனக்கு இந்த வாதம் ஒட்டவில்லை.

புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் சில இடங்களில் இறந்தவர்கள் ஆழ்ந்து தூங்குவதாக எழுதியிருக்கிறார். இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினோ இந்தக் கருத்தை மறுப்பதற்கென்றே தன் இளமையில் ஒரு முழு நூல் எழுதினார்.

பழைய ஏற்பாட்டில் மோட்சமும் நரகமும் இருக்கிறதா?

நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. எபிரேய வேதத்தில் ஷெயோல் என்ற சொல் சுமார் 65 தடவை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதைப் பெரும்பாலும் பாதாளம் என்கிறது. நல்லவர், கெட்டவர், ராஜா, அடிமை என்ற வித்தியாசமே இல்லாமல் எல்லோரும் போய்ச்சேரும் இருண்ட, மௌனமான இடம் அது. "பாதாளத்தில் உம்மைத் துதிப்பவர் யார்?" என்று ஆறாம் சங்கீதம் கேட்கிறது. கிட்டத்தட்ட ஒரு புகார் மாதிரி.

இறந்தவர்கள் எழுந்திருப்பார்கள், சிலர் வாழ்வுக்கும் சிலர் இகழ்ச்சிக்கும் போவார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லும் இடம் தானியேல் 12:2. இயேசுவின் காலத்தில் இது யூதர்களுக்குள்ளேயே தீராத விவாதமாக இருந்தது. பரிசேயர் உயிர்த்தெழுதலை நம்பினார்கள், சதுசேயர் நம்பவில்லை.

பாதாளமும் நரகமும் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்துக்குப் பாதிக் காரணம் மொழிபெயர்ப்புகள்.

ஷெயோலைக் கிரேக்கத்தில் ஹாதேஸ் என்றார்கள். அது இறந்தவர்கள் இருக்கும் இடம். நரகம் என்று நாம் படிப்பது பெரும்பாலும் கெஹன்னா என்ற வேறு சொல். புதிய ஏற்பாட்டில் அது 12 தடவை வருகிறது, அதில் 11 இயேசுவின் வாயிலிருந்து வந்தவை. கெஹன்னா என்பது எருசலேமை ஒட்டிய ஒரு நிஜமான பள்ளத்தாக்கின் பெயர்: இன்னோம் பள்ளத்தாக்கு. ஆகாஸ், மனாசே போன்ற ராஜாக்களின் காலத்தில் அங்கே பிள்ளைகளைத் தீயில் பலியிட்டார்கள் என்று வேதம் சொல்கிறது. யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தி அந்தப் பழக்கத்தை ஒழித்தார். கடவுள் வெறுத்த கொடுமை நடந்த இடத்தின் பெயரே கடைசித் தண்டனையின் பெயராகிவிட்டது.

அது எப்போதும் எரிந்துகொண்டிருந்த குப்பைமேடு என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதற்குப் பழங்காலச் சான்று எதுவும் கிடையாது. சுமார் 1200-ஐ ஒட்டி வாழ்ந்த ஒரு யூத உரையாசிரியர் எழுதியதுதான் மூலம். பிள்ளைகளைப் பலியிட்ட கதையே போதுமான அளவுக்கு நடுங்க வைக்கிறது, குப்பைமேடு தேவையில்லை.

"சரீரம் உயிர்த்தெழுதல்" என்றால் என்ன? ஆத்துமா மோட்சம் போனால் போதாதா?

நான் பாதி பதில் என்று முதலில் சொன்னேனே, மீதிப் பாதி இதுதான்.

ஞாயிறுதோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைக் கவனியுங்கள். "ஆத்துமா பரலோகம் போவதை விசுவாசிக்கிறேன்" என்ற வரி அதில் கிடையாது. "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்" என்றுதான் முடிகிறது. 381-ல் ஆயர்கள் கூடிய கான்ஸ்டான்டிநோபிள் சங்கம் வகுத்த அறிக்கையும் மரித்தோரின் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருப்பதாகச் சொல்லியே முடிகிறது. உடல் ஒரு சிறை, ஆத்துமா அதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் பிளேட்டோவிடம் இருந்தது. பவுல் ஏதென்ஸில் இறந்தவர் எழுந்திருப்பதைப் பற்றிப் பேசியபோது அங்கிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள் (அப்போஸ்தலர் 17). போன உடல் திரும்ப எதற்கு என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இன்றைக்குப் பல கிறிஸ்தவர்களும் மனதுக்குள் அதையேதான் கேட்கிறார்கள்.

கிறிஸ்தவத்தின் பதில் இப்படிப் போகிறது: கடவுள் உடலைப் படைத்து "நல்லது" என்றார். மரணம் அதைப் பறிக்கிறது. ஆத்துமா மட்டும் தப்பித்தால் மரணம் பாதி வென்றதாகிவிடும். மரணத்தை முழுக்கத் தோற்கடிக்க வேண்டுமென்றால் உடலும் திரும்ப வேண்டும். அப்படியானால் ஆத்துமா கடவுளோடு இருக்கும் இந்த இடைக்காலம் ஒரு காத்திருப்புதான். வெளிப்படுத்தல் 6-ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் கடவுளின் பலிபீடத்தின் கீழேயே இருந்துகொண்டு "எதுவரைக்கும்?" என்று கேட்கின்றன. பரலோகத்திலேயே இருப்பவர்கள் எதற்கு அப்படிக் கேட்க வேண்டும்? இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது.

அந்த உடல் எப்படி இருக்கும்? கொரிந்தியர் கேட்ட அதே கேள்விக்குப் பவுல் விதையை உதாரணம் காட்டினார் (1 கொரிந்தியர் 15). விதைப்பது வெறும் தானியம், முளைப்பது அதே உருவத்தில் இருப்பதில்லை. அதற்காக வேறொன்றும் முளைத்துவிடவில்லை. ஜென்ம சரீரம் விதைக்கப்படுகிறது, ஆவிக்குரிய சரீரம் எழுந்திருக்கிறது. "ஆவிக்குரிய" என்றதும் புகை மாதிரி ஒன்றைக் கற்பனை செய்துவிட வேண்டாம். கடவுளின் ஆவியால் இயங்கும் உடல் என்பதுதான் பொருள். முன்மாதிரி, உயிர்த்தெழுந்த இயேசுவின் உடல். மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தாள். எம்மாவு வழியில் கூடவே நடந்த இரண்டு பேருக்கும் அடையாளம் தெரியவில்லை. பூட்டிய அறைக்குள் வந்து நின்றார். ஆனால் பொரித்த மீனை வாங்கிச் சாப்பிட்டார், கையில் ஆணி பாய்ந்த தழும்பு அப்படியே இருந்தது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தத் தழும்புதான். புது உடலிலும் அதை அழிக்கவில்லை.

எழும்போது என்ன வயதில் எழுவோம் என்றும் கேட்கிறார்கள். ஆதிச் சபையின் பெரிய இறையியலாளரான அகுஸ்தீன் இதை உட்கார்ந்து யோசித்து, கிறிஸ்து அடைந்த முப்பதை ஒட்டிய முழு வளர்ச்சியில் எல்லோரும் எழுவார்கள் என்று எழுதிவைத்தார். வேதத்தில் இப்படிக் கணக்கு எதுவும் இல்லை.

உடலை எரித்துவிட்டால் உயிர்த்தெழ முடியாதா?

முடியும். 177-ல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், "இனி இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் பார்ப்போம்" என்ற எண்ணத்தில் உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் நதியில் கரைத்தார்கள். அந்தச் சபை கலங்கிப்போனாலும், அவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள் என்று ஒருபோதும் சொல்லவில்லை. கடலில் மூழ்கியவர்கள், தீயில் கருகியவர்கள் எல்லோருக்கும் இதே கதைதான். மண்ணில் புதைத்த உடலும் நாளடைவில் மண்ணாகத்தான் போகிறது.

எரிப்பது அனுமதிக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை 1963-ல் தகனத்துக்கு அனுமதி தந்தது, ஆனாலும் அடக்கம் செய்வதையே விரும்புகிறது. சாம்பலைத் தூவக் கூடாது, வீட்டில் வைக்கவும் கூடாது, புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் விளக்கம் வெளியிட்டது. பெரும்பாலான புராட்டஸ்டண்ட் சபைகள் இதைக் குடும்பத்தின் முடிவுக்கு விட்டுவிடுகின்றன. ஆர்த்தடாக்ஸ் சபைகள் பொதுவாகத் தகனத்தை ஏற்பதில்லை.

உத்தரிக்கிற ஸ்தலம் என்றால் என்ன? அது பைபிளில் இருக்கிறதா?

அந்தச் சொல் பைபிளில் இல்லை. "திரித்துவம்" என்ற சொல்லும்தான் இல்லை, எனவே அதை வைத்து மட்டும் வாதாட முடியாது.

கத்தோலிக்கப் போதனை இது: கடவுளின் நட்பில் இறந்தவர், ஆனால் இன்னும் முழுத் தூய்மை அடையாதவர், கடவுளைக் காண்பதற்கு முன்னால் தூய்மையாக்கப்படுகிறார். அங்கே போனவர் கட்டாயம் மீட்படைவார். நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு, எந்தப் பக்கம் விழுவோமோ என்று தெரியாத நிலை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. ஆதாரமாக மூன்று இடங்களைக் காட்டுவார்கள். ஒருவன் "அக்கினியில் அகப்பட்டுத் தப்பினதுபோல" இரட்சிக்கப்படுவான் என்ற பவுலின் வரி (1 கொரிந்தியர் 3:15). இம்மையிலும் மறுமையிலும் மன்னிக்கப்படாத பாவம் என்ற இயேசுவின் சொல் (மத்தேயு 12:32), அதாவது மறுமையில் மன்னிக்கப்படும் பாவமும் உண்டு என்று அதற்கு உட்பொருள் எடுக்கிறார்கள். மூன்றாவது, போரில் இறந்த வீரர்களின் பாவத்துக்காக யூதா மக்கபே பணம் திரட்டி எருசலேமுக்குப் பலி அனுப்பியது (2 மக்கபேயர் 12). இந்தக் கடைசி நூலைப் புராட்டஸ்டண்டுகள் வேதத்தின் பகுதியாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிச் சண்டை அங்கேயே முடிந்துபோகிறது.

லியோன் (1274), ஃபுளோரன்ஸ் (1439), திரெந்து (1563) ஆகிய மூன்று சங்கங்களும் இதை உறுதிசெய்தன. ஆனால் அங்கே நெருப்பு எப்படிப்பட்டது, எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை எல்லாம் விசுவாசப் போதனையாக வரையறுக்கவில்லை. ஓவியங்களும் கதைகளும்தான் அதை ஒரு சின்ன நரகமாக்கிவிட்டன. 2007-ல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் தம் சுற்றுமடலில், அந்த நெருப்பு கிறிஸ்துவே என்று சில இறையியலாளர்கள் கருதுவதை எடுத்துச் சொன்னார். அவரைச் சந்திப்பதே சுடும், சுத்தமும் ஆக்கும் என்ற பொருளில்.

லூத்தர் 1517-ல் 95 கருத்துகளை வெளியிட்டபோது உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்று சொல்லவில்லை. பணம் கொடுத்தால் ஆத்துமா அங்கிருந்து விடுபடும் என்று நடந்த வியாபாரத்தைத்தான் எதிர்த்தார். முழுவதுமாக மறுத்தது பிற்பாடு. புராட்டஸ்டண்டுகளின் வாதம் எளிமையானது: கிறிஸ்துவின் பலி போதுமானது என்றால் அதற்கு மேல் கழுவ என்ன மிச்சம் இருக்கிறது? கத்தோலிக்கர் பதில்: மன்னிப்பு வேறு, குணமாவது வேறு, காயம் ஆற நேரம் எடுக்கும். இரண்டு பக்கமும் மற்றவர் சொல்லாததை மறுத்துக்கொண்டிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டையில் நானும் இருந்திருக்கிறேன்.

இறந்தவர்களுக்காக ஜெபிக்கலாமா?

கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் ஜெபிக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் நவம்பர் 2 சகல ஆத்துமாக்கள் திருநாள். பதினோராம் நூற்றாண்டை ஒட்டி குளூனி மடத்தின் தலைவர் ஒடிலோ தொடங்கிவைத்த வழக்கம் அது. ஆர்த்தடாக்ஸ் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலப் போதனையை ஏற்பதில்லை, ஆனாலும் மூன்றாம், ஒன்பதாம், நாற்பதாம் நாட்களில் இறந்தவரை நினைத்து ஜெபிக்கின்றன. எப்படி உதவுகிறது என்று கேட்டால், அன்பு கல்லறையோடு நின்றுவிடுவதில்லை, மற்றது கடவுளுக்குத் தெரியும் என்பார்கள். பெரும்பாலான புராட்டஸ்டண்டுகள் இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி சொல்வார்கள், குடும்பத்தாருக்காக ஜெபிப்பார்கள், இறந்தவருக்காக மன்றாட மாட்டார்கள்.

நியாயத்தீர்ப்பில் எதை வைத்துத் தீர்ப்பு? விசுவாசமா, செயலா?

மத்தேயு 25-ல் ராஜா செம்மறியாட்டையும் வெள்ளாட்டையும் பிரிக்கிறார். அவர் கேட்பது, பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, சிறையில் இருந்தவனைப் பார்க்க வந்தாயா என்பதுதான். எபேசியர் 2-ல் பவுல், கிருபையினால் விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், செயல்களால் அல்ல என்கிறார். யாக்கோபோ, செயல் இல்லாத விசுவாசம் செத்தது என்கிறார். இதை வைத்து ஐரோப்பாவே இரண்டாகப் பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரத்தில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த விஷயத்தில் ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. நாம் ஏற்கப்படுவது கிருபையால் மட்டுமே, நற்செயல்கள் அதன் கனி என்பது அதன் சாரம். வேறுபாடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை, ஆனால் அதற்காக ஒருவரை ஒருவர் சபிப்பது நின்றது.

நரகம் என்றென்றைக்கும் இருக்குமா?

கேட்பவர் பெரும்பாலும் தமக்குத் தெரிந்த ஒருவரை மனதில் வைத்துத்தான் கேட்கிறார். அதனால் எச்சரிக்கையாகவே சொல்கிறேன். கிறிஸ்தவ வரலாற்றில் மூன்று பதில்கள் உண்டு.

பெரும்பான்மைப் பதில்: ஆம், முடிவில்லாதது. மத்தேயு 25:46-ல் "நித்திய ஆக்கினை", "நித்திய ஜீவன்" என்று இரண்டுக்கும் ஒரே கிரேக்கச் சொல் வருகிறது. ஒன்று முடியும் என்றால் மற்றதும் முடிய வேண்டுமே என்பது அகுஸ்தீனின் வாதம். கத்தோலிக்கத் திருச்சபையும், 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கை வழியாக லூத்தரன்களும், பெரும்பாலான சீர்திருத்த சபைகளும் இங்கேதான் நிற்கின்றன.

இரண்டாவது: கெட்டவர்கள் கடைசியில் இல்லாமல் அழிந்துபோவார்கள். ஆத்துமாவையும் சரீரத்தையும் அழிக்க வல்லவருக்குப் பயப்படுங்கள் என்று இயேசு சொன்னதையும் (மத்தேயு 10:28), "இரண்டாம் மரணம்" என்ற சொல்லையும் காட்டுவார்கள். அட்வென்டிஸ்டுகளின் போதனை இது. ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் 1988-ல் தாமும் இந்தப் பக்கம் சாய்வதாகத் தயக்கத்தோடு சொன்னபோது சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடையே பெரிய சலசலப்பு.

மூன்றாவது: கடைசியில் எல்லோரும் மீட்கப்படுவார்கள். மூன்றாம் நூற்றாண்டின் ஓரிகன் இந்தத் திசையில் போனார், 553-ன் சங்கம் அவரைக் கண்டித்தது. ஏறக்குறைய அதே நம்பிக்கையை எழுதிய நிசாவின் கிரகோரி இன்றுவரை புனிதர். ஏன் ஒருவருக்குக் கண்டனமும் மற்றவருக்குப் பீடமும் என்று இன்னும் விவாதிக்கிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டின் சிரிய ஈசாக்கு வேறு மாதிரி சொன்னார்: நரகத்தில் இருப்பவர்களை அடிக்கும் சவுக்கு கடவுளின் அன்புதான். அன்புக்கு எதிராகப் பாவம் செய்தோமே என்ற வேதனை எந்த நெருப்பையும் விடக் கொடியது என்றார். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் இதை அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். நெருப்பையும் புழுவையும் பற்றிக் கேட்ட பிரசங்கங்கள் எதுவும் என்னை இந்த அளவுக்குப் பயமுறுத்தியதில்லை.

இன்னொன்று. கத்தோலிக்கத் திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைக்கூட அறிவித்ததில்லை, யூதாஸ் உட்பட.

இயேசுவைப் பற்றிக் கேள்விப்படாமலே இறந்தவர்கள்?

"என்னாலேயல்லாமல் ஒருவனும் பிதாவினிடத்தில் வரான்" (யோவான் 14:6) என்பதை எல்லா சபைகளும் பிடித்துக்கொள்கின்றன. அவரை அறியாமலே அவரால் மீட்கப்பட முடியுமா என்பதில்தான் வேறுபாடு. தம் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாமல் போய், மனச்சாட்சியின்படி கடவுளைத் தேடுகிறவர்கள் மீட்படைய முடியும் என்று 1964-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. சுவிசேஷ சபைகளில் பலர், அறிந்து விசுவாசிக்காமல் வழியில்லை என்பார்கள். ஆபிரகாமும் மோசேயும் இயேசுவின் பெயரைக் கேட்டதில்லையே என்று அவர்களிடம் கேட்டால், அவர்கள் வாக்குத்தத்தத்தை விசுவாசித்தார்கள் என்று பதில் வரும். சரி, ஆனால் அந்தப் பதிலே கதவைக் கொஞ்சம் திறந்துவிடுவதாக எனக்குத் தோன்றுகிறது.

ஞானஸ்நானம் பெறாத குழந்தை இறந்தால்?

லிம்போ என்ற ஒரு இடத்தைப் பற்றி நடுக்காலத்தில் பேசினார்கள். வேதனை இல்லை, ஆனால் கடவுளைக் காணவும் முடியாது என்ற நிலை. அது திருச்சபையின் வரையறுக்கப்பட்ட போதனையாக எப்போதுமே இருந்ததில்லை. 2007-ல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணைக்குழு, இந்தக் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு என்று எழுதியது. புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் தாவீதைக் காட்டுவார்கள். அவருடைய பச்சைக் குழந்தை இறந்தபோது, அது என்னிடம் திரும்பி வராது, நான்தான் அதனிடம் போவேன் என்றார் (2 சாமுவேல் 12:23).

தற்கொலை செய்துகொண்டவர் நேராக நரகத்துக்குத்தான் போவாரா?

அப்படி ஒரு வசனம் பைபிளில் இல்லை. உயிர் கடவுளுடையது, அதை மாய்ப்பது தவறு என்று சபைகள் போதிக்கின்றன. 1917-ன் கத்தோலிக்கச் சட்டத் தொகுப்பு, அறிந்தே தற்கொலை செய்துகொண்டவருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ன் தொகுப்பில் அந்தத் தடை இல்லை. கடுமையான மன நோயும் அச்சமும் வேதனையும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கின்றன, அவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று இப்போதைய கத்தோலிக்க மறைக்கல்வி நூல் சொல்கிறது. துக்க வீட்டில் போய் "நரகம்" என்று சொல்லும் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அந்தத் தீர்ப்பை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இந்தக் கேள்வியை உங்களுக்காகவே கேட்கிறீர்கள் என்றால், மேலே படிக்காமல் இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடமோ மருத்துவரிடமோ பேசுங்கள்.

பரலோகத்தில் என்ன செய்வோம்? கணவன் மனைவி சேர்ந்திருப்பார்களா?

மேகத்தில் உட்கார்ந்து வீணை வாசிப்பதைப் பற்றித்தான் பலருக்குப் பயம். முடிவே இல்லாத ஆராதனை என்றால் சின்ன வயதில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வெளிப்படுத்தலின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் படித்தால் திசையே வேறு. மனிதர்கள் மேலே போவதில்லை, புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 12,000 ஸ்தாதி, அதாவது ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். முழுக் கனசதுரம். பழைய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலமும் கனசதுரம்தான். ஒரு நகரமே கருவறை ஆகிவிட்டது என்பதுதான் அந்த அளவின் பொருள். அங்கே நதி ஓடுகிறது, மரம் மாதந்தோறும் காய்க்கிறது, ராஜாக்கள் தங்கள் மகிமையைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள். "அவருடைய ஊழியக்காரர் அவரைச் சேவிப்பார்கள்" என்றும் இருக்கிறது, ஆக, வேலையும் இருக்கிறது.

திருமணம் பற்றி சதுசேயர் ஒரு கிண்டல் கேள்வி கேட்டார்கள்: ஏழு சகோதரர்களை ஒருவர் பின் ஒருவராக மணந்தவள் யாருக்கு மனைவி? உயிர்த்தெழுந்தபின் கொள்வதும் இல்லை கொடுப்பதும் இல்லை என்று இயேசு பதில் சொன்னார் (மத்தேயு 22:30). நீண்ட நாள் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இது வலிக்கும் வசனம். திருமணம் முடிகிறது என்றுதான் சொன்னார், ஒருவரை ஒருவர் தெரியாமல் போகும் என்று சொல்லவில்லை. இறந்தவர்களை நினைத்துக் கலங்கிய தெசலோனிக்கேயருக்குப் பவுல் தந்த ஆறுதலே, நாம் அவர்களோடு சேர்த்துக்கொள்ளப்படுவோம் என்பதுதான்.

இரகசிய வருகை, ஆயிர வருட அரசாட்சி இதெல்லாம்?

ஆயிர வருடம் வெளிப்படுத்தல் 20-ல் வருகிறது. அது நேரடியான எண்ணா அடையாளமா என்பதில் சபைகள் பிரிகின்றன. அகுஸ்தீன் அதைச் சபையின் காலம் என்று எடுத்தார், கத்தோலிக்கரும் பல பழைய புராட்டஸ்டண்ட் சபைகளும் அவர் வழிதான். இரகசிய வருகை என்பது, கடைசிக் காலத்தில் வரும் பெரிய உபத்திரவத்துக்கு முன்னால் விசுவாசிகள் திடீரென்று பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்ற போதனை. அது 1830-களில் ஜான் நெல்சன் டார்பி வழியாகப் பரவி, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை பைபிளால் உலகெங்கும் போனது. இதை ஆதி முதல் எல்லா கிறிஸ்தவரும் நம்பியதாக நினைக்க வேண்டாம்.

மறுபிறவியைக் கிறிஸ்தவம் ஏற்கிறதா?

இல்லை. ஒரே தரம் மரிப்பதும், பின்பு நியாயத்தீர்ப்பும் (எபிரெயர் 9:27).

இறந்தவர்கள் ஆவியாக வந்து பேசுவார்களா?

இறந்தவரைக் கூப்பிட்டுக் குறி கேட்பதை உபாகமம் 18 தடை செய்கிறது. சவுல் ராஜா எந்தோரில் ஒரு பெண்ணிடம் போய்ச் சாமுவேலை எழுப்பச் சொன்ன கதை ஒன்று உண்டு (1 சாமுவேல் 28). வந்தது சாமுவேலா, ஏமாற்றும் ஆவியா என்று ஆதிச் சபை ஆசிரியர்கள் முதல் இன்றைய போதகர்கள் வரை சண்டை போடுகிறார்கள். கதை ஒன்றில் மட்டும் தெளிவாக இருக்கிறது: சவுலுக்கு அதனால் எந்த ஆறுதலும் கிடைக்கவில்லை. புனிதர்களிடம் பரிந்துரை கேட்பது இதில் சேராது என்று கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸும் சொல்வார்கள், அது கடவுளில் வாழ்கிறவர்களிடம் ஜெப உதவி கேட்பது மட்டுமே என்பது அவர்கள் விளக்கம்.

வளர்த்த நாய் பரலோகத்தில் இருக்குமா?

படைப்பு முழுவதும் விடுதலைக்காகத் தவிக்கிறது என்று ரோமர் 8 சொல்கிறது. அதில் உங்கள் நாயும் சேருமா என்று வேதம் சொல்லவில்லை. "இருக்காது" என்றும் சொல்லவில்லை.

இறந்து திரும்பியவர்கள் பரலோகத்தைப் பார்த்ததாகச் சொல்கிறார்களே, நம்பலாமா?

இதயம் நின்று பிழைத்தவர்கள் சொல்லும் ஒளி, சுரங்கப்பாதை, நிம்மதி போன்றவை உலகம் முழுவதும் பதிவாகியிருக்கின்றன. சொல்கிறவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. ஆனால் எந்தப் பெரிய சபையும் தன் போதனையை இவற்றின் மேல் கட்டவில்லை. மூன்றாம் வானம் வரைக்கும் எடுக்கப்பட்டதாகச் சொல்லும் பவுலே, அங்கே கேட்டது மனிதர் பேசக்கூடாத வார்த்தைகள் என்று நிறுத்திக்கொள்கிறார் (2 கொரிந்தியர் 12).

பெத்தானியாவின் லாசரு நான்கு நாள் கல்லறையில் கிடந்து திரும்பியவன். அங்கே என்ன இருந்தது என்று அவன் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை, யாரும் அவனிடம் கேட்டதாகவும் எழுதப்படவில்லை. அடுத்த அதிகாரத்தில் அவன் மற்றவர்களோடு பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். பிரதான ஆசாரியர்கள் அவனையும் கொன்றுவிடலாமா என்று ஆலோசனை பண்ணுகிறார்கள்.